ஹைராக்ஸ் பந்தயம் 1:36:48 – வால் பாலில்தான் கோட்டை விட்டேனா?

செம்பூர் ஓட்டக்காரன் கேட்டது:

வணக்கம். மும்பை நெஸ்கோ அரங்கில் என் முதல் ஹைராக்ஸை முடித்தேன். ஆண்கள் ஓபன் பிரிவு, வயது 41. ஒரு மணி 36 நிமிடம் 48 விநாடி. ஒன்றரை மணிக்குள் வரவேண்டும் என்று ஏழு மாதம் உழைத்தேன். அந்த ஏழு நிமிடம் எங்கே போனது என்று இரண்டு வாரமாக ஸ்ப்ளிட் (பகுதி பகுதியான நேர) பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு: ஒரு கிலோமீட்டர் ஓட்டம், உடனே ஒரு ஸ்டேஷன், அதாவது ஓர் உடற்பயிற்சி. இப்படி எட்டு முறை. எந்த ஊரில் நடந்தாலும் ஸ்டேஷன்களின் வரிசை ஒன்றுதான், அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

ஓட்டம்: 4:42, 5:08, 6:02, 5:58, 6:14, 5:50, 5:55, 6:31. மொத்தம் 46:20.

ஸ்டேஷன்கள்: ஸ்கீ எர்க் (பனிச்சறுக்கு மாதிரி கைப்பிடிகளைக் கீழே இழுக்கும் இயந்திரம்) 1000 மீட்டர் 4:26. ஸ்லெட் புஷ் (எடை ஏற்றிய சறுக்குச் சட்டத்தைத் தள்ளுவது) 4:05. ஸ்லெட் புல் (அதையே கயிற்றால் இழுப்பது) 6:12. பர்ப்பி பிராட் ஜம்ப் (தரையில் படுத்தெழுந்து முன்னால் தாவுவது) 5:48. ரோயிங் (துடுப்பு இயந்திரம்) 4:52. ஃபார்மர்ஸ் கேரி (இரண்டு கையிலும் எடை தூக்கி நடப்பது) 2:31. சாண்ட்பேக் லஞ்ச் (தோளில் மணல் மூட்டையோடு முழங்காலை மடக்கி மடக்கி நடப்பது) 5:40. வால் பால் (உட்கார்ந்து எழுந்து பந்தைச் சுவர் இலக்கில் எறிவது) 8:16. மொத்தம் 41:50.

ராக்ஸ்ஜோன், அதாவது ஓட்டப் பாதைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் போன நேரம்: 8:38.

நான் அடிப்படையில் ஓட்டக்காரன். 10 கி.மீ. 48 நிமிடம், அரை மாரத்தான் 1:47. உடல் எடை 66 கிலோ. ஸ்லெட் புஷ்ஷை நிற்காமல் முடித்ததில் எனக்குப் பெருமைதான்.

கடைசி வால் பால்தான் மனதை விட்டுப் போகவில்லை. ஆறு கிலோ பந்து, மூன்று மீட்டர் உயரத்தில் இலக்கு, நூறு எண்ணிக்கை. முதல் 22 ஒரே மூச்சில் போட்டேன். பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று உடைந்தது. 72-ஆவது பந்து இலக்குக்கு ஒரு சாண் கீழே பட்டுத் திரும்பியது. நடுவர் 'நோ ரெப்' என்றார், அதாவது அது கணக்கில் சேராது. அடுத்ததும் அப்படியே. கை தூக்க முடிகிறது, தொடைதான் எழும்ப மறுக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என் மகள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் குரல் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

இனி வாரம் நான்கு நாள் வால் பால் போடலாம் என்று இருக்கிறேன். சரியான முடிவா?

தெம்பனிஸ் கதிர்:

தம்பி, முதல் பந்தயத்தை முடித்ததற்கு வாழ்த்துகள். பட்டியலை முழுதாகப் போட்டது நல்லதாயிற்று. நான் சிங்கப்பூரில் இதுவரை ஐந்து ஓடியிருக்கிறேன். என் முதல் பட்டியலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தது.

வாரம் நான்கு நாள் வால் பால் வேண்டாம். கஷ்டம் தெரிந்த இடம் வால் பால், நேரம் போன இடம் வேறு.

முதல் கிலோமீட்டரைப் பாருங்கள். 10 கி.மீ.யை 48 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு கிலோமீட்டருக்கு 4:48. எட்டு ஸ்டேஷன் காத்திருக்கும்போது அதைவிட வேகமாக, 4:42-இல் தொடங்கியிருக்கிறீர்கள். கூட்டம், பாட்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போயிருக்கும், தெரியும். அங்கே வாங்கிய கடனை வட்டியோடு கட்டியது மூன்றாவது ஓட்டத்திலிருந்து. கடைசி ஓட்டத்துக்கும் முதல் ஓட்டத்துக்கும் வித்தியாசம் ஒரு நிமிடம் 49 விநாடி. எட்டையும் 5:20-இல் சீராக ஓடியிருந்தால் 42:40. அதிலேயே மூன்று நிமிடம் 40 விநாடி மிச்சம். உங்கள் நுரையீரலுக்கு 5:20 பெரிய வேகமே இல்லை.

அப்புறம் ஸ்கீ எர்க். 4:26 நல்ல நேரம், ஆனால் அந்த இடத்தில் அது தேவையில்லை. அந்த இயந்திரத்தில் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4:40-இல் முடிக்க வேண்டியதை 4:26 ஆக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதல் சக்தி கொடுக்க வேண்டும். 14 விநாடிக்கு அவ்வளவு விலை! ரோயிங்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாக அதே ஆயிரம் மீட்டர் ரோயிங்கில் ஸ்கீயை ஒட்டியே வரும், பலருக்குக் கொஞ்சம் வேகமாகவும் வரும். உங்களுக்கு 26 விநாடி மெதுவாக வந்திருக்கிறது. ஐந்தாவது ஸ்டேஷனிலேயே டப்பா காலி.

நீங்கள் பெருமைப்படும் புஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். 66 கிலோ உடம்பு 152 கிலோ ஸ்லெட்டை நிற்காமல் தள்ளியது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு அடுத்த கிலோமீட்டர் 5:08-இலிருந்து 6:02-க்கு விழுந்தது. ஒவ்வொரு 12.5 மீட்டர் தடத்துக்கும் நடுவே ஐந்து மூச்சு நின்று தள்ளியிருந்தால் புஷ்ஷில் 25 விநாடி கூடியிருக்கும், ஓட்டத்தில் அதைவிட அதிகம் திரும்பக் கிடைத்திருக்கும். ஸ்டேஷன் நேரத்தைத் தனியாகப் பார்க்கவே கூடாது. அதற்குப் பின்னால் வரும் ஓட்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஸ்லெட் புல் 6:12 எப்படி ஆனது என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியவில்லை. வீடியோ இருக்கிறதா?

மருதமலை அடிவாரம்:

அண்ணா, நான் கோவை. பெண்கள் ஓபன், மும்பையில்தான் ஓடினேன். கதிர் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம்.

ராக்ஸ்ஜோன் 8:38 அதிகம். அரங்கத்தின் அமைப்பைப் பொறுத்து அந்தத் தூரம் மாறும் என்றாலும், இதில் ஒன்றரை நிமிடமாவது குறைக்கலாம். ஸ்டேஷன் முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நடக்கிறோமே, அதுதான் அது. ஒரு புது தசைகூட வேண்டாம், மெதுவாகவாவது ஓடிக்கொண்டே வெளியே வந்தால் போதும். தண்ணீர் எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு குடிப்பது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். நான் எங்கே மேசை தெரிந்தாலும் நின்றேன், வருத்தப்பட்டேன்.

வால் பால்: நிற்காமல் போட்டால் ஒரு எண்ணிக்கைக்கு இரண்டரை விநாடி. நூறுக்கு நான்கு நிமிடம் சொச்சம். ஆக உங்கள் 8:16-இல் பாதி நேரம் பந்தைப் பிடித்துக்கொண்டோ பார்த்துக்கொண்டோ நின்றது. முதல் 22-தான் உங்களைக் கவிழ்த்தது. பத்து போடுங்கள், பத்து விநாடி நில்லுங்கள், மறுபடி பத்து. முதல் பத்து சுலபமாக இருக்கும்போதும் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். இப்படிப் போனால் ஆறு நிமிடத்துக்குள் வரலாம். நோ ரெப்பும் குறையும்.

செம்பூர் ஓட்டக்காரன்:

கதிர் அண்ணா, சகோதரி, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவி எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஸ்லெட் புல்லில் முதல் தடத்துக்கு மட்டும் 31 முறை கயிற்றை இழுத்திருக்கிறேன். கால் அசையவே இல்லை, எல்லாம் கைதான். இழுத்த கயிறு என் காலடியிலேயே குவிகிறது. இரண்டாவது தடத்தில் அது வலது கணுக்காலில் சுற்றிக்கொள்ள, குனிந்து எடுத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் ஸ்லெட் முழுதாக நின்றுவிடுகிறது. நின்ற ஸ்லெட்டை மறுபடி நகர்த்தத்தான் உடம்பு முழுக்கத் துடிக்கிறது.

சாண்ட்பேக் லஞ்ச் முடிந்து தண்ணீர் மேசையில் நின்றது 38 விநாடி. பத்து விநாடி என்று நினைத்திருந்தேன்.

என் ஜிம்மில் ஸ்லெட் கிடையாது. ஸ்லெட் இருக்கும் இடம் அந்தேரியில், வாரம் ஒருமுறைதான் போக முடியும். களைத்த காலோடு ஓடிப் பழக வேறு வழி உண்டா?

தெம்பனிஸ் கதிர்:

உண்டு. தோளில் 20 கிலோ மூட்டையோடு 100 மீட்டர் லஞ்ச், இறக்கி வைத்த உடனே ஒரு கிலோமீட்டர் 5:20-இல். நான்கு சுற்று. முதல் சுற்று 5:10 வந்தால் அது தோல்வி என்று எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று போதும், 41 வயதில் முழங்காலையும் பார்க்க வேண்டும்.

அந்தேரி போகும் நாளை ஸ்லெட் புல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, நீங்கள் நிற்கும் கட்டத்துக்குள் இரண்டு மூன்று அடி பின்னால் நடந்து இழுக்க வேண்டும். முன்னால் வரும்போது கை மாற்றி மாற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள், ஸ்லெட் நிற்கக் கூடாது. 66 கிலோ உடம்புக்குக் கை போதாது, உடல் எடையால்தான் இழுக்க வேண்டும். கயிற்றை எப்போதும் ஒரே பக்கமாக, காலுக்கு வெளியே போட்டுப் பழகுங்கள்.

செம்பூர் ஓட்டக்காரன்:

இன்று காலை போட்டுப் பார்த்தேன். 5:12, 5:21, 5:24, 5:22. முதல் சுற்று மட்டும் இன்னும் கைக்குள் வரவில்லை. மகள் மைதானத்து ஓரத்தில் கடிகாரத்தோடு நின்று, "அப்பா, மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.