லூயிஸ் மொஹோலோ வாசிப்பில் தாளம் எங்கே இருக்கிறது?

கேள்வி:
ஒரு வருஷமாக டிரம்ஸ் கற்கிறேன். நாலு எண்ணி வாசித்துத்தான் பழக்கம். நேற்று தென்னாப்பிரிக்க ஜாஸ் டிரம்மர் லூயிஸ் மொஹோலோ வாசித்த 'தி ஃபாரஸ்ட் அண்ட் த ஸூ' இசைத்தட்டைக் கேட்டேன். 'ஒன்று', அதாவது நாலில் முதல் அடி, எங்கே விழுகிறது என்றே பிடிபடவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதும் இப்படித்தான் வாசித்தாரா?

பதில்:
இல்லை, ஊரை விட்டுப் போன பிறகுதான் இந்த வாசிப்பு. 1940-இல் கேப் டவுனில் பிறந்தவர். இவர் இருந்த ப்ளூ நோட்ஸ் ஜாஸ் குழுவில் பியானோ கிறிஸ் மெக்ரெகர் வெள்ளையர், மற்ற ஐவரும் கறுப்பர்கள். அன்றைய நிறவெறி ஆட்சியில் இவர்கள் ஒரே மேடை ஏறுவதே வம்பு. 1964-இல் பிரான்சின் ஆன்டிப் ஜாஸ் விழாவுக்கு அழைப்பு வர, அதையே பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சுவிட்சர்லாந்து, அப்புறம் லண்டன். 1966-இல் இவரும் குழுவில் பாஸ் (கீழ் ஸ்வரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த ஜானி டயானியும் சாக்ஸபோன் ஸ்டீவ் லேசியோடு அர்ஜென்டினா போனார்கள். நீங்கள் கேட்டது அப்போது புவெனஸ் அய்ரெஸில் பதிவானது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே உருப்படி, கட்டிய தாளமே கிடையாது. அதில் 'ஒன்று' தேடி அலையாதீர்கள்.

மொஹோலோ பெயரில் 1978-இல் வந்த 'ஸ்பிரிட்ஸ் ரிஜாய்ஸ்' இசைத்தட்டை எடுங்கள். அதில் மொங்கேசி ஃபெஸாவின் மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். டிரம்ஸை எண்ணாமல் அந்த மெட்டை முணுமுணுத்தபடி கேளுங்கள். ஊதுகிறவர்கள் மெட்டை விடாமல் பிடித்திருக்க, அடியில் ஸ்னேரும் சிம்பலும் உலைபோலக் கொதிக்கும். எனக்கு இவர் பிடிபட்டது அங்கேதான்.

கேள்வி கேட்டவர்:
ஃபெஸா யார்?

பதில்:
குழுவின் டிரம்பெட். 1975 டிசம்பரில் லண்டனில் இறந்தார், வயது 30. அஞ்சலிக் கூட்டம் முடிந்த கையோடு அப்போது குழுவில் மிச்சமிருந்த நால்வரும் உட்கார்ந்து வாசித்ததுதான் 'ப்ளூ நோட்ஸ் ஃபார் மொங்கேசி'. 1986-இல் டயானி போனார். 1990-இல் மெக்ரெகரும், சாக்ஸபோன் டூடு புக்வானாவும் அடுத்தடுத்து. மிஞ்சியது மொஹோலோ ஒருவர்தான். 2005-இல் கேப் டவுன் திரும்பினார். 2025 ஜூனில் காலமானார். அன்று இரவு எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர்:
மெட்டை முணுமுணுத்தே கேட்டேன். நாலாவது தடவை கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது! அடுத்து எதைக் கேட்கட்டும்?

பதில்:
'ப்ளூ நோட்ஸ் ஃபார் ஜானி'. டயானி போன பிறகு அவருக்காக மூவர் வாசித்தது. அவர் இடத்தில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை, பாஸே கிடையாது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.