விக்டோரியா தீ அபாயக் காலம்: அரிதாள் எரிப்பு, அறுவடை இயந்திரம்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், விம்மேரா வட்டாரத்தில் கோதுமைப் பண்ணை. தீ அபாயக் காலம் (திறந்தவெளியில் தீ மூட்டக் கட்டுப்பாடு உள்ள காலம்) அறிவித்துவிட்டார்கள். அரிதாளை எரிக்கலாமா? அறுவடை இயந்திரத்துக்கு என்ன விதி?

மறுமொழி 1: அனுமதிச்சீட்டு இல்லாமல் கொளுத்தக் கூடாது. சீட்டு இருந்தாலும் முழுத் தீத்தடை நாளில் (திறந்தவெளியில் தீயே மூட்டக் கூடாது என்று அறிவிக்கும் நாள்) அது செல்லாது. தீ அபாயக் காலத்தின் தொடக்கமும் முடிவும் நகராட்சிக்கு நகராட்சி மாறும். பக்கத்து ஊர்த் தேதியை நம்பாதீர்கள்.

மறுமொழி 2: பயிர், புல், அரிதாளுக்கு 9 மீட்டருக்குள் ஓடும் இயந்திரத்தில் தீப்பொறித் தடுப்பான் வேண்டும். கூடவே 9 லிட்டர் தண்ணீர் நிரப்பிய முதுகுத் தெளிப்பான், அல்லது அதே கொள்ளளவுள்ள தண்ணீர் அணைப்பான். விதியைவிட முக்கியம் சுத்தம்: புகைபோக்கிக் குழாயைச் சுற்றிப் படியும் உமித்தூசிதான் முதலில் பற்றும். காற்றழுத்தக் குழாயால் அடிக்கடி ஊதி எடுங்கள். பேரிங் சூடேறுகிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 3: தடை நாளில் திறந்தவெளியில் வெல்டிங், கிரைண்டிங்கும் கூடாது. பழுது பார்ப்பதை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.