ஓவியங்களை டி-ஷர்ட், துணிப்பை, ஸ்டிக்கரில் அச்சிட்டு விற்பது: ஃபைல், அச்சு முறை, உரிமை, விலை

நீலக்கோடு (கோவை) கேட்டது:

வணக்கம். டீக்கடை, பேருந்து நிலையம், திருவிழாக் கடைகள் என்று 12 ஓவியங்கள் கொண்ட ஒரு வரிசை தயாராக இருக்கிறது. எல்லாம் ப்ரோகிரியேட் என்ற வரைகலைச் செயலியில் 3000க்கு 3000 பிக்சலில் வரைந்தவை. மென்மையான நிழலும் குழல்விளக்கு வெளிச்சமும் நிறைய உண்டு. நாலைந்து படங்களில் தமிழ் வரிகளும் உண்டு. கறுப்பு டி-ஷர்ட், காடாத் துணிப்பை, ஸ்டிக்கர் மூன்றிலும் கொண்டுவர நினைக்கிறேன்.

ஒரே ஃபைல் மூன்றுக்கும் போதுமா? ஸ்க்ரீன் பிரிண்ட் நல்லதா, டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டில் துணிக்கு மாற்றுவது) நல்லதா? டி-ஷர்ட்டை 599 ரூபாய்க்கு விற்றால் கையில் என்ன நிற்கும்? இன்னொன்று: ஒரு நிறுவனம் படத்துக்கு 4,000 ரூபாய் தருகிறேன், "ஃபுல் ரைட்ஸ்" எழுதிக்கொடுங்கள் என்கிறது. கொடுக்கலாமா?

பனியன் பட்டறை (திருப்பூர்) பதில்:

ஒரே ஃபைல் போதாது. வரைந்தது ஒன்று, அச்சுக்குப் போவது மூன்று ஃபைல். அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

அளவைப் பாருங்கள். 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3000 பிக்சல் என்றால் 10 அங்குலம். நெஞ்சுப் பிரிண்டுக்குத் தாராளம். முதுகு நிறைய 12க்கு 16 அங்குலம் வேண்டுமென்றால் 3600க்கு 4800 பிக்சலில் கேன்வாஸைத் திறந்துதான் வரைய வேண்டும். வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கோட்டு ஓரம் பஞ்சு பஞ்சாகத் தெரியும். ஃபைலுக்குள் 72 என்று இருக்கும் டிபிஐயை (பிபிஐயைத்தான் பலர் இப்படிச் சொல்வார்கள்) 300 என்று மாற்றுவதால் மட்டும் எதுவும் கூடாது. பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

உங்கள் படங்களுக்கு உண்மையான சிக்கல் அந்த நிழலும் வெளிச்சமும். டிடிஎஃப்பில் ஃபிலிம் மேல் வண்ண மை விழும், அதன் மேல் வெள்ளை மை விழும், ஈரம் காயுமுன் ஒட்டுப் பவுடர் தூவி உருக்குவார்கள். பிறகு 150 முதல் 160 டிகிரியில் 10-15 விநாடி அழுத்தித் துணியில் மாற்றுவார்கள். படத்தில் 20 சதவீதம் மட்டும் தெரிகிற பிக்சல் இருந்தாலும் மென்பொருள் அதற்கு அடியில் கொஞ்சம் வெள்ளை வைத்துவிடும். கறுப்புச் சட்டையில் அது விளக்கொளியாகத் தெரியாது, படத்தைச் சுற்றி சாம்பல் புகை மாதிரி தெரியும். அந்த இடத்தில் மை மெலிசாக இருப்பதால் பவுடரும் சரியாகப் பிடிக்காது. நாலைந்து துவைப்பில் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பின்னணி லேயரை (அடுக்கை) அணைத்துவிட்டு, படத்துக்கு அடியில் பளிச்சென்ற சிவப்பு லேயர் ஒன்று போடுங்கள். படத்தின் லேயரை ஆறு முறை பிரதி எடுங்கள். அரைகுறையாகத் தெரிகிற பிக்சல்கள் ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்து திடமாகும். கண்ணுக்கே படாமல் கிடந்த தூசிப் புள்ளிகளும் தூரிகையின் வால்களும் அப்போது மேலே வரும். தேவையில்லாததை அழியுங்கள். தேவையான நிழலை ஹாஃப்டோன் புள்ளிகளாக (தூரத்தில் நிழலாகத் தெரியும் திடமான சிறு புள்ளிகள்) மாற்றுங்கள், டிடிஎஃப்புக்கு 25-30 எல்பிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி வரிசை) போதும். அதைவிட நெருக்கினால் புள்ளி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய், ஒட்டாமல் ஃபிலிமிலேயே தங்கிவிடும். கோடுகளுக்கும் இதே கணக்கு. அச்சளவில் 0.5 மி.மீ.க்குக் குறைந்த தனிக்கோடு வேண்டாம். 300 பிபிஐயில் அது 6 பிக்சல்.

கறுப்புச் சட்டையானால் படத்தில் உள்ள கறுப்பையும் வெட்டி எடுத்துவிடலாம். துணியே கறுப்பாக இருந்துகொள்ளும். மை குறையும், நெஞ்சில் பிளாஸ்டிக் பலகை ஒட்டியது போன்ற விறைப்பு குறையும், காற்றும் உள்ளே போய்வரும். டிடிஎஃப் வேண்டாம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரு வேலையைச் செய்யாத பிரிண்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

மெஷ்120 பதில்:

மேலே சொன்னது சரி. ஸ்க்ரீனையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்க்ரீன் பிரிண்டில் மெல்லிய வலை கட்டிய சட்டம் வழியாக மையைத் துணியில் தள்ளுவார்கள், ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். கறுப்புத் துணியில் அடிவெள்ளைக்கு (வண்ணம் எடுபட அடியில் அடிக்கும் வெள்ளை) தனிச் சட்டம். ஆக நாலு வண்ணப் படம் என்றால் ஐந்து சட்டம். ஃபிலிம் எடுப்பது, எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) பூசி எக்ஸ்போஸ் செய்வது, வண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்துவது எல்லாம் ஒரு சட்டை அடித்தாலும் ஒன்றுதான், 300 அடித்தாலும் ஒன்றுதான். அதனால் 12 டிசைனையும் பத்துப் பத்தாக ஸ்க்ரீனில் அடிப்பது கட்டாது. முதலில் டிடிஎஃப்பில் கொண்டுபோங்கள். எது ஓடுகிறதோ அந்த ஒன்றிரண்டை மட்டும் மூன்று நான்கு வண்ணமாகச் சுருக்கி ஸ்க்ரீனுக்கு மாற்றுங்கள்.

சுருக்குவது ஓவியரின் வேலை, அதைப் பட்டறையில் விடாதீர்கள். ஒவ்வொரு வண்ணமும் தனி லேயர், மங்கல் ஓரம் இல்லாமல். அடிவெள்ளையை மேல்வண்ணத்தைவிடச் சுற்றிலும் 0.35 மி.மீ. உள்ளே இழுக்க வேண்டும். 300 பிபிஐயில் 4 பிக்சல். இழுக்காவிட்டால், சட்டம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படத்தின் ஒரு பக்கத்தில் வெள்ளை விளிம்பு எட்டிப்பார்க்கும். நிழலுக்கு 45 எல்பிஐ ஹாஃப்டோன் வைத்தால் அங்குலத்துக்கு 200 முதல் 230 இழை உள்ள மெஷ் (வலை) கேளுங்கள். முரட்டு மெஷ்ஷில் புள்ளிகள் இழைக்கு நடுவே விழுந்து பாதி காணாமல் போகும்.

ஸ்க்ரீனில் அடிக்கும் பிளாஸ்டிசால் மை உள்ளே வரை 160 டிகிரி போனால்தான் வேகும், அதாவது துணியில் நிலைக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். முதல் சாம்பிளைக் கையில் வாங்கி, பிரிண்டை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். சரியாக வெந்தது நீண்டு திரும்பும், வேகாதது கண்ணாடி மாதிரி விரிசல் விடும். பாலியஸ்டர் கலந்த சிவப்பு, மெரூன் துணியில் வெள்ளை அடித்தால் துணியின் சாயம் மேலேறி, சில நாளில் வெள்ளை ரோஸாகும். அதனால் முழுப் பருத்தி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பயோவாஷ் (துணியின் பிசிறு நீக்கும் கழுவல்) என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

காகிதக்கடல் பதில்:

காடாத் துணிப்பைக்கு ஒரு சொல். துணியே மங்கிய மஞ்சள், அதில் பருத்திக்கொட்டைத் துணுக்குகளும் தெரியும். வெளிர் மஞ்சள், தோல்நிறம் எல்லாம் அதில் கரைந்துபோகும். அடர்ந்த இரண்டு வண்ணமும் தடித்த கோடும்தான் எடுபடும். ஹீட் பிரஸ்ஸில் வைக்கும்போது தையலோ கைப்பிடியோ தட்டுக்குக் கீழே மாட்டினால் அழுத்தம் சமமாகப் படாமல் ஒரு மூலை மட்டும் உரியும். பைக்குள் சிலிகான் பேட் வைக்கச் சொல்லுங்கள், தையலிலிருந்து 4 செ.மீ. தள்ளியே படத்தை வையுங்கள்.

ஸ்டிக்கரில் லாபம் அளவில் இருக்கிறது. 12க்கு 18 அங்குலத் தாளில், நாலு பக்கமும் 1 செ.மீ. விட்டு, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் வண்ணம்) கொடுத்தால், 3 அங்குல ஸ்டிக்கர் 15தான் உட்காரும். இரண்டரை அங்குலமாக்கினால் 24 உட்காரும். தாளுக்கும் லேமினேஷனுக்கும் கூலி ஒன்றே. வெட்டுக்கோட்டைத் தனி லேயரில், தனி வண்ணத்தில், வெக்டராக (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம்) கொடுங்கள். வண்ணத்தை சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை) முன்னோட்டத்தில் பாருங்கள். குழல்விளக்கின் பளீர் நீலமும் கிளிப்பச்சையும் திரையில் இருப்பதுபோல் தாளில் வராது. தாளுக்கு ஏற்றபடி அவற்றை நீங்களே மாற்றிவிடுவது நல்லது, மெஷின் மாற்றினால் அழுக்காகிவிடும்.

நீலக்கோடு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. லேயரை ஆறு முறை பிரதி எடுத்துப் பார்த்தேன். பேருந்து நிலையப் படத்தைச் சுற்றி ஒரு பெரிய புகைவளையமே இருக்கிறது. உரிமை விஷயம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும், அந்த நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

உரிமைப்பத்திரம் பதில்:

"ஃபுல் ரைட்ஸ்" என்று ஒற்றை வரியில் கையெழுத்துப் போட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் எழுதவில்லை என்றால் இந்தியா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவர்கள் தரும் தாளில் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் இருக்கும். அந்த இரண்டு சொற்களைத் தேடிப் படியுங்கள். இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். 4,000 ரூபாய்க்குப் போவது அத்தனை காலமும்தான்.

மாற்றாக உரிமத்துக்கு (உரிமை உங்களிடமே இருக்க, பயன்படுத்த மட்டும் அனுமதி) பேசுங்கள்: இந்த இரண்டு படம், டி-ஷர்ட்டும் மக்கும் மட்டும், இந்தியாவுக்குள், இரண்டு ஆண்டு, ஒரு முன்பணம், அதற்கு மேல் விற்கும் ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம், மூன்று மாதத்துக்கொரு கணக்கு, காலம் முடிந்தபின் மீதச் சரக்கை விற்க 90 நாள். சதவீதம் எதன் மேல் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அச்சிட்ட விலையா, கடைக்குப் போகும் மொத்த விலையா, வரிக்கு முன்னா பின்னா என்பதில்தான் சண்டை வரும்.

உங்கள் வரிசை நீங்களாக வரைந்தது, அதனால் முதல் உரிமையாளர் நீங்களே. பிறர் காசு கொடுத்துச் சொல்லி வரைவதில் கவனம் வேண்டும். ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், கூலிக்குத் தீட்டிய வண்ண ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும் கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17.

பலருக்குத் தெரியாத ஒன்று பிரிவு 15. டிசைன் சட்டம் 2000இன் கீழ் பதியத்தக்க டிசைனை (பொருளின் மேல் வரும் வடிவம், பேட்டர்ன் போன்றவை) பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளை இயந்திர உற்பத்தியில் 50க்கு மேல் செய்துவிட்டால், அந்த டிசைனுக்குப் பதிப்புரிமை நிற்காது. சட்டையில் இருப்பது தனிக் கலைப்படைப்பா, டிசைனா என்பதுதான் வழக்கில் வாதம். 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு படிச் சோதனை ஒன்றைச் சொல்லியிருக்கிறது. துணி முழுக்க ஓடும் பேட்டர்ன் செய்தால் வெளியிடும் முன்பே டிசைன் பதிவு செய்யுங்கள், இன்ஸ்டாகிராமில் போட்டபின் பதிவுக்குத் தேவையான புதுமை போய்விடும். உங்களுடையதைப் போன்ற தனி ஓவியங்களுக்கு, தேதியோடு கூடிய மூல ஃபைலும் ப்ரோகிரியேட்டின் டைம்லாப்ஸ் வீடியோவும் பத்திரமாக இருக்கட்டும்.

நடிகர் முகம், பட வசனம் வேண்டாம். தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது நினைவிருக்கட்டும்.

கணக்குப்புள்ளி பதில்:

599 கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 599க்குள் வரி 28.50. பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத வரியும் சேர்த்து 14. சட்டை 200, பிரிண்ட் 90, கவர், லேபிள் 12, கூரியர் 70 என்று வைத்தால் மிச்சம் 184. இவை உதாரண விலைகள், உங்கள் பட்டறை விலையைப் போட்டுப் பாருங்கள். தப்பான பிரிண்ட், சைஸ் மாற்றம் இவற்றுக்கு 30 ஒதுக்கினால் கையில் நிற்பது 154 சொச்சம்.

அதே சட்டையைக் கடையில் 40 சதவீதக் கமிஷனுக்கு வைத்தால், கூரியரும் கேட்வேயும் இல்லாவிட்டாலும் மிஞ்சுவது சுமார் 29 ரூபாய். கடைக்கும் போகும் எண்ணம் இருந்தால் விலையை இப்போதே அதற்கேற்ப வையுங்கள். பிறகு ஏற்றினால் உங்கள் இணையக் கடை வாடிக்கையாளர் கோபிப்பார்.

பதிவு: பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்றால்தான். பெங்களூருக்கு ஒரே ஒரு சட்டை விற்றாலும் பதிவு தேவை. விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவு எண் இல்லாமல், என்ரோல்மெண்ட் எண் வாங்கி விற்க வழி உண்டு.

சரக்கு வாங்கி அடுக்குவதற்கு முன் திருப்பூரில் குவிக்கிங்க், சென்னையில் பிரிண்ட்ரோவ் மாதிரி ஆர்டருக்கு ஒன்று அச்சிடும் இடங்களில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சட்டைக்கு விலை கூடுதல்தான், ஆனால் எக்ஸ்எஸ் சைஸ் சட்டை 40 விற்காமல் தங்கிவிடாது. மக் சேர்க்கிறீர்கள் என்றால் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். 15 செ.மீ. கனசதுரப் பெட்டியின் கன அளவை (3,375 கன செ.மீ.) கூரியர்க்காரர் 5000ஆல் வகுத்து எடையாக எடுத்தால் 0.675 கிலோ, அதாவது 675 கிராம். அரைக் கிலோ ஸ்லாப் தாண்டி ஒரு கிலோ விலை விழும்.

எழுத்தாணி பதில்:

தமிழ் வரிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தென்னாசிய எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் "கொ" என்பது உடைந்து, கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். பட்டறையில் கோரல்டிராவில் திறக்கும்போது உங்கள் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் வேறெதுவோ வந்து உட்காரும். ஆகவே எழுத்தை உருவமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கோரலில் கண்ட்ரோல் க்யூ. மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இலவசமாகக் கிடைத்த எழுத்துருவெல்லாம் விற்பனைக்கு ஆகாது. முக்தா மலர், பாலூ தம்பி, கவிவனார், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் இருப்பவை, சட்டையில் அச்சிட்டு விற்கலாம்.

அடுத்து புள்ளி. அச்சில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். டிடிஎஃப்பில் சின்னப் புள்ளி துவைப்பில் உரிந்துவிடும், ஸ்க்ரீனில் மை அடைத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். "பட்டம்" என்பது "படடம" ஆகிவிடும். அச்சளவில் புள்ளியின் விட்டம் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர், எழுத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது அரை மில்லிமீட்டர் இடைவெளி. எழுத்துருவில் உள்ளது போதாவிட்டால், உருவமாக மாற்றியபின் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். "ணை", "னை" போன்றவற்றின் உட்சுழிகளையும் அதே சமயம் பார்த்து, அடைபடுகிற மாதிரி இருந்தால் கோட்டை அரை பாயிண்ட் மெலிதாக்குங்கள். மொத்த ஃபைலையும் 100 சதவீத அளவில் சாதாரண தாளில் பிரிண்ட் எடுத்து, கை நீட்டுகிற தூரத்தில் வைத்து, படம் வரையாத ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறுகிற எழுத்தைத்தான் திருத்த வேண்டும்.