ஃபேன் சத்தம் போகணும், குரல் போகக் கூடாது: ஆடியோ சுத்தம் செய்த அனுபவங்கள்

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பேட்டி எடுத்தோம். எண்பதைத் தாண்டியவர். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. காலர் மைக்கில் ஃபேன் இரைச்சல், அடியில் கரண்ட் ஹம் (மின்சாரத்தின் ‘ம்ம்’ ரீங்காரம்) எல்லாம் ஏறிவிட்டன. எடிட்டிங் மென்பொருளிலேயே இருந்த இரைச்சல் நீக்கியைக் கொஞ்சம் கூட்டினாலே தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது. அதனால் ஆடியோவை மட்டும் வேவ் ஃபைலாக எடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ மென்பொருளில் உட்கார்ந்தேன்.

ஒலியை அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றினால் ஹம் கண்ணுக்கே தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 50, 100, 150 என்று படுக்கைக் கோடுகள். 50-ஐ, அடி ஒலிகளை மட்டும் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் பார்த்துக்கொண்டது. மற்ற இரண்டும் ஆண் குரல் நடமாடும் இடம் என்பதால் ஒரே அதிர்வெண்ணைக் குறிவைக்கும் நாட்ச் ஃபில்டரை மிகக் குறுகலாக வைத்து வெட்டினேன். அவர் பேசத் தொடங்குவதற்கு முன் ஃபேன் மட்டும் ஓடிய சில விநாடிகள் இருந்தன. அதைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொஃபைல் (எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரி) எடுத்தேன். 12 டெசிபலை ஒரே தடவையில் குறைக்காமல், 6 டெசிபலாக இரண்டு தடவை. இரண்டாம் தடவைக்குப் புதிதாகப் புரொஃபைல்.

அந்த இரைச்சல் நீக்கியில் ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை. எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் ஒலிக்கவிடும். கேட்டால், ஃபேனோடு அவர் விருத்தத்தின் கடைசி இழுப்பும் மூச்சும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன! எவ்வளவை இரைச்சலாக எடுத்துக்கொள்வது என்பதற்கான சென்சிட்டிவிட்டியை இறக்கிய பிறகுதான் நின்றது. சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எல்லாம் அதற்குப் பிறகு. முன்னாலேயே போட்டால் இரைச்சலும் ஏறி இறங்கத் தொடங்கிவிடும், புரொஃபைல் பொருந்தாது. ஃபேன் இன்னும் லேசாகக் கேட்கிறது. விட்டுவிட்டேன்.

*

தம்பி, ரெசிட்யூ பற்றிச் சொன்னது மிக முக்கியம். நான் கச்சேரி ரெக்கார்டிங் செய்பவன். ஒரு சபா வீடியோவை வேறு ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். ஏசி இரைச்சல் சுத்தமாக இல்லை. தம்புராவும் இல்லை! பாடகர் அந்தரத்தில் பாடுவதுபோல் இருந்தது.

காரணம் இதுதான்: இந்த வகை மென்பொருளுக்குத் தம்புரா எது, ஏசி எது என்று தெரியாது. புரொஃபைலில் இருக்கும் எதுவும் அதற்கு இரைச்சல்தான். கச்சேரியில் பாட்டு நின்றாலும் சுருதி நிற்காது. ஆலாபனைக்கு முன்னால் ‘அமைதி’ என்று நினைத்து எடுத்த துண்டில் சுருதி முழுக்க இருந்திருக்கிறது.

மூல ஃபைலை வாங்கித் தேடினேன். நல்லவேளை, கேமராவை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். திரை விலகும் முன், சுருதிப் பெட்டி போடாத நேரத்தில் அரங்கத்தின் ஏசி மட்டும் கொஞ்சம் கிடைத்தது. அதிலிருந்து புரொஃபைல் எடுத்து மிக மெல்லமாகக் குறைத்தேன். தம்புராவின் ஜீவா, அதாவது அந்த ரீங்காரம், மேல் ஸ்தாயி ஒலிகளில் இருப்பது, ஏசியின் ‘ஸ்ஸ்’ சத்தமும் அங்கேதான். அதனால் அந்தப் பகுதியில் பாதி இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே சரி என்பேன்.

*

மொபைலில் எடுப்பவர்களுக்கு ஒன்று. வெளியே சுத்தம் செய்த ஆடியோவைத் திரும்ப டைம்லைனில் வைத்தால் போகப்போக உதடு ஒத்துவராது. பல மொபைல்களில் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) நிலையாக இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி, அதிலிருந்து ஆடியோவை எடுங்கள். 48,000 ஹெர்ட்ஸ் வேவ், தொடக்கத்து மௌனத்தை வெட்ட வேண்டாம். எனக்கு அதன்பிறகு பிரச்சினை வரவில்லை.

*

எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டை ஒரு ஏஐ தளத்தில் போட்டுப் பார்த்தோம். ஸ்டுடியோவில் பாடியதுபோல் தெளிவாக வந்தது. ஆனால் பல் இல்லாத வாயில் அவர் சொல்லும் சில எழுத்துகள் வேறு எழுத்துகளாகிவிட்டன. பாட்டு தெரிந்த அத்தைதான் கண்டுபிடித்தார். அந்தத் தளம் இரைச்சலைக் கழிப்பதோடு நிற்காமல், குரலைத் தன் ஊகத்தில் மறுபடி உருவாக்கியிருக்கிறது. வட்டாரப் பேச்சு, பழைய பாட்டு இவற்றை ஆவணமாக எடுப்பவர்கள் அதை நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

*

கச்சேரி அண்ணா, நன்றி. அடுத்த மாதம் அதே வாத்தியாரின் குழு இரவுக் கூத்து நடத்துகிறது. ஆர்மோனியமும் முகவீணையும் (நாகஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) உண்டு, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் போட்டதும், ஆர்மோனியப் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே ரெக்கார்டரை ஓடவிடுகிறேன். ஆனால் விளக்குகளின் லோடு மாறினால் ஜெனரேட்டர் சத்தமும் மாறும் அல்லவா? இடைவேளையில் இன்னொரு புரொஃபைல் எடுத்து, இரண்டாம் பாதியைத் தனியாகச் சுத்தம் செய்யலாமா?