வலிக்குக் கலந்து தரும் க்ரீம் சென்னையில் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு அக்கி வந்து கொப்புளமெல்லாம் காய்ந்துவிட்டது, ஆனால் விலா ஓரத்தில் எரிச்சல் மட்டும் போகவே இல்லை. ஜாக்கெட் துணி பட்டாலே துடித்துப்போகிறார், ராத்திரியெல்லாம் புடவைத் தலைப்பைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நரம்பு வலிக்குக் கொடுத்த காபாபென்டின் மாத்திரை போட்டால் தலைசுற்றல், தூக்கம். கிட்னி கொஞ்சம் வீக் என்பதால் டோஸைக் கூட்டவும் முடியாது.

அதனால் டாக்டர் லிக்னோகைன், அமிட்ரிப்டிலின், காபாபென்டின் மூன்றையும் ஒரே க்ரீமாகக் கலந்து தடவச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலே தடவும்போது ரத்தத்தில் சேர்வது குறைவு, மயக்கமும் அவ்வளவு வராது என்றார். இது கம்பெனி டியூபாக வருவதில்லை, சீட்டைப் பார்த்துக் கலந்துதான் தர வேண்டும். பெரம்பூர், ராயபுரம், பாரிமுனை வரை கேட்டாச்சு, லிக்னோகைன் ஜெல்லைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். முன்பெல்லாம் கம்பவுண்டரே மிக்ஸ்சர் கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று பாட்டிலில் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுப்பார், இப்போது அப்படி யார் இருக்கிறார்கள்!

லைசென்ஸோடு, பார்மசிஸ்ட் வைத்துக் கலந்து தருகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். டப்பாவில் மருந்துகளின் பெயர், சதவீதம், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். சீட்டே கேட்காமல் அனுப்புகிற ஆட்கள் வேண்டவே வேண்டாம். பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் என்ன விலை ஆச்சு, ஃப்ரிட்ஜில் வைக்கணுமா, எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்றும் எழுதுங்கள். மிளகாய்ச் சத்துள்ள கேப்சைசின் களிம்பு தடவிப் பார்த்தோம், அந்த எரிச்சலை அம்மாவால் தாங்க முடியவில்லை. அப்புறம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வலிக்கென்று தனி ஓ.பி. இருந்தால் எந்த நாள் என்றும் சொல்லுங்கள், அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போகிறேன்.