பல்சர் 150க்கு ஒயில் கூட ஊத்திட்டேன் போல, சரியா எவ்வளவு ஊத்தணும்?

லிந்துல பையன்:
அண்ணாமாரே ஒரு உதவி. ரெண்டு மாசத்துக்கு முன்ன பல்சர் 150 ஒண்ணு செகன்ட் ஹேண்ட்ல எடுத்தேன், வண்டியோட வர்ற சின்ன புக்கு இல்ல, வித்தவருகிட்ட கேட்டா தொலஞ்சிருச்சின்னாரு. போன ஞாயித்துக்கெழம நானே ஒயில் மாத்திப் பாப்போம்னு டவுன்ல 1 லீட்டர் கேன் ரெண்டு வாங்கிட்டு வந்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்லயே வச்சி பழச வடிச்சேன். புதுசு ஒரு கேன் முழுசா ஊத்திட்டு என்ஜின் சைட்ல ஒயில் அளவு பாக்க இருக்கிற சின்னக் கண்ணாடிய பாத்தா ஒண்ணுமே தெரியல, காலியா இருக்கு. சரி பத்தல போலன்னு ரெண்டாவது கேன்ல இருந்து கொஞ்சம் ஊத்துனேன், அப்பவும் தெரியல, இன்னும் கொஞ்சம், மொத்தமா ஒரு 200 மில்லி கூட போயிருக்கும். பொறகு தான் லேசா கீழ்க்கோட்டுல தெரிஞ்சிச்சி, மூடிட்டேன்.

இப்ப என்னான்னா வண்டி ஏத்தத்துல முந்தி மாதிரி இழுக்கல, பாரமா இருக்கு, நேத்து ஏர் பில்டர் பொட்டிக்கு கீழ ஒயில் கசிஞ்சி இருந்திச்சி. இன்னிக்கு தம்பி வண்டிய மெயின் ஸ்டேண்ட்ல போட்டு தொடச்சிக்கிட்டு இருந்தான், அப்ப கண்ணாடிய பாத்தா முழுக்க ஒயில், மேல்க்கோடு எங்கன்னே தெரியல. ஒரு நாள் காலி, ஒரு நாள் ஃபுல். ஒண்ணுமே வெளங்கல. இந்த வண்டிக்கு கணக்கு எவ்வளவு? கூட இருக்கிறத எப்பிடி எடுக்கிறது? ஃபுல்லா வடிச்சிட்டு திரும்ப ஊத்தணுமா, ஒயில் விக்கிற வெலைக்கு அத நெனச்சாலே வயிறு எரியுது.

ஹட்டன் ரைடர்:
தம்பி ஒரே ஒரு கேள்வி. ஊத்தும்போது வண்டி சைட் ஸ்டேண்ட்ல தானே நின்னிச்சி?

லிந்துல பையன்:
ஆமாண்ணே. மெயின் ஸ்டேண்ட் போட்டா வாசல்ல நிக்காது, எங்க லயத்து வாசல் நல்லா சரிவு.

ஹட்டன் ரைடர்:
முடிஞ்சிச்சி கத. பல்சர்ல கண்ணாடி இருக்கிறது வலது பக்கம், கிளச் கவர்ல. சைட் ஸ்டேண்ட்ல வண்டி இடது பக்கம் சாயும், ஒயில் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிரும், கண்ணாடி காலியா தான் தெரியும், சரியான அளவு ஊத்தியிருந்தாலும் அப்பிடி தான் காட்டும். நானும் இத ஒருக்கா செஞ்சிருக்கேன், அதனால சிரிக்கல.

கொட்டகல பாஸ்:
நான் கராஜ்ல வேல செய்ற ஆள், இருபது வருஷமா இதே பொழப்பு தான், கொஞ்சம் நீட்டி சொல்றேன் கோவிச்சிக்காதீங்க.

150 சிசி பைக்குன்னா பழச வடிச்சிட்டு ஊத்துறதுக்கு அனேகமா 1 லீட்டர் பக்கம் தான். பல்சர்லயே மாடலுக்கு மாடல் 100, 200 மில்லி வித்தியாசம் வரும், அதனால ஒங்க மாடலுக்கு உள்ள புக்க யாருகிட்டயாவது வாங்கி பாருங்க. ஆனா அதுல ஒரு எடம் இருக்கு, அங்க தான் நெறைய பேர் மாட்டுவாங்க. புக்குல ரெண்டு நம்பர் போட்டிருப்பான். ஒண்ணு வடிச்சிட்டு ஊத்துறதுக்கு, இன்னொண்ணு என்ஜின முழுசா கழட்டி கோர்த்த பொறகு ஊத்துறதுக்கு. ரெண்டாவது தான் எப்பவும் கூட இருக்கும், ஏன்னா நட்ட கழட்டி எவ்வளவு தான் வடிச்சாலும் கிளச்சுக்குள்ள, ஹெட்ல, ஒயில் போற ஓட்டைங்கள்ல கொஞ்சம் பழசு நிக்கத்தான் செய்யும். சர்வீசுக்கு அந்தப் பெரிய நம்பர பாத்து ஊத்துனா கூடிப்போகும். பில்டரும் மாத்துனா கொஞ்சம் கூட பிடிக்கும், அத சில புக்குல மூணாவது நம்பரா தனியாவே போட்டிருப்பான்.

நம்பர் தெரியாட்டி நான் செய்றது இது தான். வடிச்ச பழைய ஒயில 1 லீட்டர் தண்ணி போத்தல்ல ஊத்தி பாக்கிறது. எவ்வளவு வந்திச்சோ கிட்டத்தட்ட அவ்வளவு தான் திரும்ப போகும். வடிக்க முந்தி என்ஜின ஒரு மூணு நாலு நிமிஷம் ஓட விடணும், நம்ம பக்கத்து காலக் குளிர்ல 20 டபிள்யூ 50 கிரேட் ஒயில் தேன் மாதிரி நிக்கும், பாதி உள்ளேயே ஒட்டிக்கிரும். புதுச ஊத்தும்போது சொன்ன அளவுல ஒரு 100 மில்லி கொறச்சி ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் ஸ்டார்ட்ல விட்டு, ஓஃப் பண்ணி, இன்னொரு மூணு நிமிஷம் சும்மா விட்டு, பொறகு மெயின் ஸ்டேண்ட்ல நிமித்தி வச்சி கண்ணாடிய பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, மேல்க்கோட்டுக்கு கொஞ்சம் கீழ நின்னா போதும். மீதிய கொஞ்சங் கொஞ்சமா. உள்ள போனத திருப்பி எடுக்கிறது தான் தலவலி.

கூடிப்போனா என்னா நடக்கும்னு ஒங்க வண்டியே காட்டுது. உள்ள சுத்துற சாமான் ஒயில்ல அடிச்சி நொர கட்ட வைக்கும், நொரயா இருக்கிற ஒயில் ஒழுங்கா தடவாது. சுத்துறதுக்கு தட இருக்கிறதால தான் பாரமா இழுக்குது. உள்ள பிரஷர் ஏறி மூச்சுக் கொழாய் வழியா ஏர் பில்டர் பொட்டிக்கு தள்ளி விடும், நீங்க பாத்த கசிவு அது தான். அப்பிடியே விட்டா சீல் எல்லாம் கசிய ஆரம்பிக்கும், வெள்ளப் பொக வரும், பிளக்கு கரி புடிக்கும்.

ஃபுல்லா வடிக்க வேணாம். பார்மசில 50 மில்லி சிரிஞ்ச் கெடைக்கும், மீன் தொட்டிக்கு போடுற மெல்லிசான டியூப் ஒண்ணு மாட்டி ஒயில் ஊத்துற ஓட்ட வழியா விட்டு இழுங்க. எத்தன தரம் இழுத்தீங்கன்னு எண்ணிக்கோங்க. கீழ் நட்ட லேசா லூஸ் பண்ணி விடலாம்னு சில பேர் சொல்வாங்க, கையெல்லாம் ஒயிலாகி நட்டும் கீழ விழும், செய்யாதீங்க. ஏர் பில்டர கழட்டி பாருங்க, நனஞ்சிருந்தா மாத்தணும், பொட்டிய தொடச்சிருங்க.

பழைய ஒயில தயவு செஞ்சி கான்ல (தண்ணி ஓடுற வாய்க்கால்) ஊத்தாதீங்க. நம்ம மலையில மேல் லயத்து கான் எங்க போகுதுன்னு பாத்தா கீழ் லயத்து ஆளுங்க தண்ணி புடிக்கிற பீலிக்கு தான். நான் கேன்ல சேத்து வச்சி எடுக்க வர்ற ஆளுக்கு குடுத்துருவேன்.

பண்டாரவள டியோ:
எனக்கு நடந்தது இதுக்கு தலகீழ். அப்ப நான் வேற 150 சிசி பைக் வச்சிருந்தேன், ஒரு கராஜ்ல (பேர் வேணாம்) பெரிய பீப்பாயில இருந்து ஒயில் எடுத்து போத்தல்ல அளந்து ஊத்துனாங்க. ஒரு போத்தல் ஊத்தியாச்சி, சரின்னு நானும் காசக் குடுத்துட்டு வந்துட்டேன். நம்ம நாட்டுல போத்தல்னா சாராயப் போத்தல் கணக்கு 750 மில்லி தானே, லீட்டர் இல்லயே, அந்த நேரம் மண்டையில ஏறல. ரெண்டு வாரம் கழிச்சி கம்பளையில இருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது இறம்பொட வளைவுகள்ல ஹெட்ல டிக் டிக்னு சத்தம், ஏற ஏற கூடுது. ஒயில் கொறஞ்சா ஏத்தத்துல வண்டி பின்னுக்கு சரியும்போது இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்த இழுக்குமாம், ஹெட்டு தான் ஆக மேல இருக்கிறது, மொதல்ல அடி வாங்குறதும் அது தான். கேம் தேஞ்சி போயி ஒரு மாசச் சம்பளம் அப்பிடியே போச்சி. தம்பி கூட ஊத்துனது நல்லதில்ல தான், ஆனா கொறச்சி ஊத்துறது அத விட மோசம்.

இப்ப டியோ 110 ஸ்கூட்டர் ஓட்டுறேன், அதுக்கு 700 மில்லி தான் போகும். 1 லீட்டர் கேன ஒடச்சி முழுசா ஊத்திட்டேன்னு எவனாவது சொன்னா மீதி 300 எங்கன்னு கேளுங்க, ஒண்ணு என்ஜின்ல இருக்கு இல்லாட்டி அவன் கேன்ல இருக்கு. டியோல கண்ணாடி இல்ல, கம்பி தான். கம்பிய தொடச்சிட்டு உள்ள விட்டு அப்பிடியே வச்சி எடுத்து பாக்கணும், திருகக் கூடாது. திருகுனா கம்பி ஆழமா போயி ஒயில் நெறைய இருக்கிற மாதிரி பொய் சொல்லும்.

மஸ்கெலியா மச்சான்:
நுவரெலியா குளிருக்கு 20 டபிள்யூ 50 எல்லாம் சும்மா மச்சான், 10 டபிள்யூ 30 போடுங்க, காலையில ஒரே செல்ப்ல ஸ்டார்ட் ஆகும். நான் ரெண்டையும் பாதி பாதி கலந்து தான் போடுறேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

கொட்டகல பாஸ்:
மச்சான் கலக்குறது ஒங்க இஷ்டம், ஆனா அடுத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்காதீங்க. கிரேடுல முன்னுக்கு இருக்கிற நம்பர் குளிர்ல எப்பிடி ஓடும்னு, பின்னுக்கு இருக்கிறது சூட்டுல எவ்வளவு தடிப்பா நிக்கும்னு. குளிர் காலையில பத்து நிமிஷம், பொறகு ரெண்டு பேர ஏத்திக்கிட்டு ரெண்டாவது கியர்ல ஏறும்போது என்ஜின் கொழும்பு வெயில்ல நிக்கிற மாதிரி தான் கொதிக்கும். கம்பனிக்காரன் என்னா கிரேட் சொல்லியிருக்கானோ அது. கேன்ல ஜாசோ எம்ஏன்னு (பைக் கிளச்சுக்கு ஒத்துவர்ற ஒயிலுக்கு போடுற அடையாளம்) இருக்கான்னும் பாருங்க, கார் ஒயில ஊத்துனா சிலதுல கிளச் வழுக்கும், ஏத்தத்துல சத்தம் மட்டும் தான் வரும் வண்டி வராது.

மஸ்கெலியா மச்சான்:
சரி சரி பாஸ். ஆனா என் வண்டி ஸ்டார்ட் ஆகுது.

லிந்துல பையன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து செஞ்சேன். வண்டிய நிமித்தி வைக்க மட்டமான எடம் தேடுறது தான் பெரிய வேலயா போச்சி, எங்க தோட்டத்துல மட்டமா இருக்கிறது ரெண்டே எடம், ஒண்ணு கோயில் வாசல், இன்னொண்ணு தேயிலக் கொழுந்து நிறுக்கிற மடுவம். கோயில்ல ஒயில் சிரிஞ்சோட போயி நின்னா அப்பாயி செருப்பால அடிக்கும், அதனால மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிஞ்ச பொறகு மடுவத்து சிமெண்டுல வச்சி பாத்தேன். அதுவும் மட்டமான்னு சந்தேகம், பாதி தண்ணி உள்ள போத்தல படுக்க வச்சி பாத்தேன், சரியா தான் இருந்திச்சி. கணக்கப்புள்ள வந்து என்னாடா இங்க ஒப்பரேசன் நடக்குதுன்னாரு.

சிரிஞ்சால நாலு தரம் இழுத்தேன், மேல்க்கோடு தெரிஞ்சிச்சி, அஞ்சாவது பாதி இழுத்த ஒடனே கோட்டுக்கு கொஞ்சம் கீழ நின்னிச்சி. அப்ப 225 மில்லி பக்கம் கூட இருந்திருக்கு, நான் ரெண்டாவது கேன்ல இருந்து ஊத்துனது தான் கிட்டத்தட்ட திரும்பி வந்திருக்கு. ஏர் பில்டர் பஞ்சு நனஞ்சி போச்சி, புதுசு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு காலையில தலவாக்கல வரைக்கும் போயிட்டு வந்தேன், பாரம் இல்ல.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஊத்துற மூடிக்கு உள்பக்கம் வெள்ளையா பால் ஆடை மாதிரி படிஞ்சிருக்கு, இது ஒயில் கெட்டதா?

கொட்டகல பாஸ்:
இல்ல தம்பி, பயப்பட வேணாம். லயத்துல இருந்து டவுனுக்கு, டவுன்ல இருந்து லயத்துக்குன்னு சின்னச் சின்ன ஓட்டமா ஓட்டுனா என்ஜின் நல்லா சூடாகாது, குளிருக்கு உள்ள வேர்க்கிற தண்ணி ஆவியாகாம ஒயிலோட சேந்து மூடியில வந்து படியும். தொடச்சிட்டு ஒரு நாள் ஹட்டன் வரைக்கும் போயிட்டு வாங்க, போயிரும். ஆனா கண்ணாடில தெரியிற ஒயிலே பால் தேத்தண்ணி நெறத்துல இருந்தா அது வேற, தண்ணி உள்ள போயிருக்கு, அப்பிடின்னா மாத்தத்தான் வேணும். ஒங்க கண்ணாடில என்னா நெறம்?

லிந்துல பையன்:
தேன் நெறம் தான் பாஸ்.

பண்டாரவள டியோ:
அப்ப ஓட்டு தம்பி. அந்த மிச்ச ஒயில் கேன மூடிய நல்லா இறுக்கி வையி, அடுத்த மொற 1 லீட்டர் கேன் ஒண்ணு வாங்குனா போதும்.

மஸ்கெலியா மச்சான்:
சிரிஞ்ச் எந்த பார்மசில எடுத்தீங்க தம்பி, நம்ம வண்டியிலயும் கொஞ்சம் கூடத்தான் இருக்கு போல 😄