சியாட்டில் மாநகர நிதிக்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. சியாட்டிலில் லேக் சிட்டி பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, கோடையில் ஒரு நாள் பறையும் பெரிய கோலமுமாக அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் இலவச விழா நடத்த ஆசைப்படுகிறோம். அதற்கு மாநகரத்தின் 'நெய்பர்ஹுட் மேட்சிங் ஃபண்ட்' கேட்கலாம் என்று இருக்கிறோம். 1988-இல் வந்த திட்டம். இங்கே ஃப்ரீமாண்ட் பகுதியில் அரோரா பாலத்தடியில் காரைக் கையில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே அந்தப் பூதச் சிலை, அதற்கும் இந்த நிதி உதவியிருக்கிறது.

நகரம் தரும் பணத்துக்கு ஈடாக நாமும் நம் பங்கைக் காட்ட வேண்டும். அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தன்னார்வ உழைப்பும் நன்கொடையாக வந்த பொருளும் கணக்கில் சேரும். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, சந்தேகங்கள் இவைதான். பிள்ளைகள் வாராவாரம் பறை பழகும் நேரத்தையும் உழைப்பாகக் காட்டலாமா, விழா நாள் வேலை மட்டும்தானா? மணிக்கணக்கை எப்படிக் குறித்து வைத்தீர்கள்? அப்புறம், பதிவு செய்யாத குழுவுக்காகப் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்கச் சம்மதிக்கும் லாப நோக்கற்ற அமைப்பு ஏதாவது தெரியுமா? பழைய விண்ணப்பம் வைத்திருப்பவர்கள் காட்டினால் பேருதவி. முதல் முறை எழுதுகிறோம், தயவுசெய்து சொல்லுங்கள்.